நின்று பேசாத மனுஷி

அவளோடு பேசவேண்டும் என்றால் கூடவே நடக்கவேண்டும். தலையில் குடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மனுஷி ஓர் இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. நாம் பாட்டுக்கு ஒரு சங்கதியை ஆரம்பிப்போம். பாதியில் பார்த்தால் செங்கல் அடுக்குக்கு அந்தப் பக்கம் போயிருப்பாள். மீதியைக் கத்திச் சொல்லவேண்டும். கூலி கொடுக்கும்போது நாங்கள் எல்லோரும் வரிசையில் நிற்போம், அவள் மட்டும் வரிசையைச் சுற்றிச் சுற்றி வருவாள். குன்றக்குடி மலைக்குப் போயிருந்தபோது, தீபாராதனை நேரம், ஊரே கைகூப்பி நிற்கிறது, இவள் பிராகாரத்தை வலம் வந்துகொண்டிருக்கிறாள். பழுத்த பக்தி என்று நினைத்து ஒரு பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார்.

"இவ கால்ல எவனோ சக்கரத்தக் கட்டி விட்டுட்டான்" என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்போம். எனக்கு ஆரம்பத்தில் அவளைக் கண்டால் எரிச்சல்தான். இப்படிக்கூட ஒருத்தி ஆளைப் பதற வைப்பாளா என்று இருக்கும்.

மழை வருஷா வருஷம் ஏமாற்றிக்கொண்டிருந்த காலம் அது. காரைக்குடிக்கும் சாக்கோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வயல்வேலை என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். ஊரில் அடுப்பு எரிந்தது என்றால் அது ஆச்சி கட்டிக்கொண்டிருந்த புது வீட்டால்தான். ஆச்சியின் வீட்டுக்காரர் ரங்கூனில் தொழில் செய்தார். பணமும் தேக்கு மரமும் அங்கிருந்து வரும். இங்கே இருந்து வேலை வாங்குவது ஆச்சி. ஒரு தெருவில் தலைவாசல் என்றால் அடுத்த தெருவில் கொல்லைவாசல், அவ்வளவு நீளமான வீடு. ஆணும் பெண்ணுமாக எங்கள் தெருவே அங்கேதான் கிடந்தது.

நான் நாட்டரசன்கோட்டைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அரைக்கிற செக்கில் மாடு ஓட்டினார். என்னைத் தண்ணீர் சுமக்கிற பெண்களோடு சேர்த்துவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கெல்லாம் மூத்தவள் இவள். அத்தை என்று கூப்பிட்டேன். வாக்கப்பட்ட ஊரில் மூத்தவள் எல்லாம் அத்தைதானே.

ஊருணித் தண்ணீரைக் குடிக்கத்தான் எடுக்கலாம், கட்டடத்துக்குத் தொடக்கூடாது என்பது ஊர்க்கட்டு. அதனால் தூரத்திலிருந்த தோட்டக் கிணற்றிலிருந்துதான் சுமந்தோம். முதல் நாள் உச்சிவெயிலில் குடத்தை இறக்கிவைத்து, கை நிறைய அள்ளிக் குடிக்கப் போனேன்.

"ஏத்தா, வாய நனை. வயித்த நனைக்காத" என்றாள், என்னைத் தாண்டி நடந்துகொண்டே.

நான் சுமக்கிற தண்ணீரை நான் குடிக்க இவளென்ன தடுக்கிறது என்று வந்ததே கோபம்! வீம்புக்கு வயிறு முட்டக் குடித்தேன். பொழுது சாய்வதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒதுங்க இடமில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒன்றும் வெட்கமில்லை; வெட்கப்படவேண்டியவர்கள் வேறு ஆட்கள். முன்பு ஊரைச் சுற்றி உடைமரமும் கள்ளியும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தனவாம். செங்கல் வேகவும் சுண்ணாம்பு வேகவும் காளவாசலுக்கு விறகு வேண்டும் என்று வெட்டி வெட்டி எல்லாம் பொட்டலாகிவிட்டது. போதாததற்குச் சாரத்தின் மேல் கொத்தனார்கள். அங்கிருந்து பார்த்தால் கண்மாய்க்கரை வரைக்கும் ஒரு கோழி நடந்தாலும் தெரியும். ஆம்பிளைகளுக்கு என்ன, சுவர் கண்ட இடம் போதும். எங்களுக்கு விடிவதற்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. நடுவிலே உள்ள பகல் முழுவதும் தலையில் தண்ணீரை வைத்துக்கொண்டு நாக்கு வறள நடந்தோம்.

அன்று சாயங்காலம் நான் கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"நிக்காதத்தா. நின்னா முட்டும். நட. நடந்தா கொஞ்சம் மறந்து போகும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த ஓயாத நடையின் அர்த்தம் புரிந்தது. சக்கரமும் இல்லை, பக்தியும் இல்லை. பாவி மனுஷி, இத்தனை வருஷமாக அடக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள்! வாயில் எப்போதும் ஒரு புளியங்கொட்டையை ஒதுக்கி வைத்திருப்பாள். எச்சில் ஊறிக்கொண்டிருந்தால் தாகம் தெரியாதாம். எனக்கும் ஒன்று கொடுத்தாள். அதைச் சப்பிக்கொண்டே அவள் பின்னால் நானும் நடக்கப் பழகினேன்.

மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் பெண்கள் வேலைக்கே வரமாட்டார்கள். எப்படி வருவது? மாற்றிக்கொள்ள மறைவு வேண்டாமா? வராத நாளுக்குக் கூலி கிடையாது. மழை இல்லாத ஊரில் ஒரு நாள் கூலி என்றால் ஒரு நாள் கஞ்சி. "பொம்பள ஆளுகளுக்கு அக்கறையே இல்ல, நெனச்சா வர்றாளுக, நெனச்சா நிக்கிறாளுக" என்று மேஸ்திரி ஆச்சியிடம் கோள் சொல்லுவார். சுவர் ஏன் இப்படி ஆமையாக ஏறுகிறது என்று ரங்கூனிலிருந்து கேட்டு அனுப்புவார்களாம். சுவர் எப்படி ஏறும்? சுண்ணாம்புக்குத் தண்ணீர் வந்தால்தானே ஏறும். தண்ணீர் சுமக்கிறவள் வீட்டில் முடங்கிக் கிடந்தால் கொத்தனார் கரண்டியை வைத்துக்கொண்டு காற்றையா பூசுவார்?

அவள் கடைசியில் எப்படிப் போனாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் எனக்கு அழுகை வரும். பல வருஷம் கழித்து நீர் இறங்காமல், கை கால் முகமெல்லாம் வீங்கி, படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தாள். அடக்கி அடக்கியே உள்ளே கெட்டுப்போயிருக்கிறது என்று வைத்தியர் சொன்னாராம். தலையெழுத்து என்றார்கள் ஊரில். தலையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு ஓலைத் தட்டிக்கு வக்கில்லாமல் இருந்துவிட்டு என்ன தலையெழுத்து?

நான் உண்டானேன். உண்டானவளுக்கு அடிக்கடி வரும் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்குப் பயம். அதனால் வாயை நனைப்பதையும் விட்டேன். நீர்ச்சுருக்கு வந்து அடிவயிறு நெருப்பாக எரிந்தது. காய்ச்சலோடு வேலைக்குப் போனேன். போகாவிட்டால் அந்த வாரம் வீட்டில் உலை ஏது? சாரப் பலகையில் ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. குடத்தோடு விழுந்தேன்.

மேஸ்திரி ஓடிவந்தார். "கொடத்த ஒடச்சுட்டாளே! தண்ணி எம்புட்டுத் தூரத்துல இருந்து வருது, கொஞ்சமாச்சும் பொறுப்பு இருக்கா?"

"கொடம் போனாப் போகுது மேஸ்திரி" என்றாள் அவள். "உள்ள ஒண்ணு இருக்கு. அது ஒடையாம இருக்கான்னு மொதல்ல பாருங்க."

அவ்வளவுதான். என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கி, அந்தக் கோலத்திலேயே ஆச்சியின் பழைய வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆச்சி முற்றத்தில் உட்கார்ந்து, ரங்கூனிலிருந்து வந்திருந்த கண்ணாடிச் சாமான்களை வைக்கோலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவள் பேச ஆரம்பித்தாள். பேசிக்கொண்டே முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தாள்.

"ஏண்டி இப்படிக் குறுக்கும் நெடுக்கும் அலையிற? எனக்குத் தல சுத்துது. ஒரு எடத்துல நின்னு சொல்லு" என்றார் ஆச்சி.

"நின்னு சொல்ல முடியாது ஆச்சி. அதத்தான் சொல்ல வந்திருக்கேன்."

எல்லாவற்றையும் பட்டவர்த்தனமாகச் சொன்னாள். ஆச்சி காதைப் பொத்திக்கொண்டார்.

"சீச்சீ! நடுவீட்ல நின்னுக்கிட்டு என்ன பேச்சுப் பேசுற?"

"நடுவீட்லதான் பேசணும் ஆச்சி. உங்க வீட்டுக்குத்தான தண்ணி சொமக்கிறம். இங்குட்டுப் பேசலேன்னா வேற எங்குட்டுப் போயிப் பேசச் சொல்லுறீக?"

ஆச்சி என் வயிற்றைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவருக்குத் தோன்றியதில்லை, அதுதான் விஷயம். அவர் வீட்டுக் கொல்லைக்கட்டில் அவருக்கு வேண்டியது எல்லாம் இருந்தது. "சரி சரி, வீட்டுக்குப் பின்னாடி எங்குட்டாச்சும் ஒரு தட்டியக் கட்டிக்கங்க. என் கண்ணுல மட்டும் படக்கூடாது" என்று கையை வீசினார்.

அன்றைக்கே பனையோலை வெட்டி வந்து தட்டி பின்னினோம். புது வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, நாலு கம்பு நட்டு, தட்டியைச் சுற்றிக் கட்டினோம். ஒதுங்கிவிட்டு வருகிறவள் காளவாசல் சாம்பலை ஒரு கை தூவிவிட்டு வரவேண்டும் என்று அவள் சட்டம் போட்டாள். கூரை கிடையாது, கதவு கிடையாது, வாசலுக்கு ஒரு கிழிந்த சாக்கு. எனக்கு அது அரண்மனை. கிணற்றடியில் உட்கார்ந்து ஆசை தீரத் தண்ணீர் குடித்தேன். பக்கத்தில் இருந்தவள் "ஏய், கெணத்த வத்த அடிச்சுராத" என்று கேலி செய்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அப்புறம் பெண்கள் எல்லா நாளும் வேலைக்கு வந்தார்கள். எல்லா நாளும் கூலி வாங்கினார்கள். சுவர் விறுவிறுவென்று ஏறியது. மேஸ்திரி தன் கண்டிப்பால்தான் என்று ஆச்சியிடம் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஒரு நாள் சாரத்தின் மேலிருந்த ஒரு கொத்தனார், மீசைக்கு எண்ணெய் போடுகிற ஆள், தட்டியிலிருந்து ஒருத்தி வெளியே வரும்போது சீட்டி அடித்தார். அத்தை பார்த்துவிட்டாள். ஏணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் சாய்த்துவிட்டாள். அந்த ஆள் மேலேயே கிடந்தார். முதலில் சிரித்தார், அப்புறம் திட்டினார், அப்புறம் பலகையின் மேல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்க ஆரம்பித்தார். கீழே பெண்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். எப்படி ஒதுங்குவார்?

"ஏணிய எடுத்தாத்தா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார்.

"அது தண்ணி சொமக்கப் போயிருக்கு ராசா. பொழுது சாய வந்துரும். அதுவரைக்கும் அடக்கிக்கிருங்க" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு சாரத்தின் மேல் யாரும் பின்பக்கம் தலையைத் திருப்பியதில்லை.

ஒரு நாள் தெற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஊரே வாசலில் நின்று வாயைப் பிளந்து பார்த்தது. அவள் ஊருணிக் கரையில் நடந்துகொண்டிருந்தாள். அங்கிருந்து நடந்தபடியே வீட்டுப் பின்புறம் வந்தவள், தட்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, வரத்து!" என்று கத்தினாள்.

மழைத் தண்ணீர் ஊருணிக்கு ஓடிவருகிற பள்ளத்துக்கு வரத்து என்று பெயர். அது அந்தப் பொட்டலின் குறுக்கேதான் போகும். மழையே பார்க்காத ஊர் தண்ணீர் வருகிற வழியையும் மறந்துபோயிருந்தது. பள்ளத்தில் கட்டட மண்ணையும் ஓட்டாஞ்சில்லையும் கொட்டிக் கொட்டி மேடாகத் தெரிந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அவளுக்கும் வரவில்லை. அவளே இடம் காட்டி, அவளே கம்பு நட்டு, குடிக்கிற தண்ணீருக்கு வழியிலேயே எங்கள் குழியைத் தோண்டியிருந்தாள்.

"பிடுங்குங்கடி! எல்லாத்தையும் சொரண்டி அள்ளணும்."

பெண்களுக்கு ஆத்திரம். கிடைக்காமல் கிடைத்த இடம். "இந்த மேகம் எத்தன தடவ வந்து ஏச்சுட்டுப் போயிருக்கு? மழ பேஞ்சாப் பாத்துக்கலாம்" என்றாள் ஒருத்தி. "ஊருணி கெட்டா ஆச்சிக்கும் சேத்துத்தான கெடும், கெடட்டுமே" என்றாள் இன்னொருத்தி.

"ஆச்சி எங்கடி ஊருணித் தண்ணி குடிக்கிறாக? எப்பவாச்சும் தூறுனா ஓட்டுல வடியிற தண்ணிய முத்தத்துல அண்டா வச்சுப் பிடிச்சு, வருஷம் பூரா அதத்தான் குடிக்கிறாக. ஊருணியில மொண்டு குடிக்கிறது நம்ம புள்ளைகடி!" சொல்லிக்கொண்டே அவள் ஒரு கம்பைப் பிடுங்கினாள். "வாந்திபேதியில எங்க வீட்ல ரெண்டு புள்ள போச்சு. போதும்த்தா. இன்னொரு வீட்ல போக வேணாம்."

மண்வெட்டியை எடுத்தோம். குழியோடு சுற்றிலும் இருந்த மண்ணையும் வெட்டி அள்ளி, என் வீட்டுக்காரர் பூட்டி வந்த வண்டியில் ஏற்றி, தூரத்துத் தரிசில் கொண்டுபோய்ப் புதைத்தோம். மூக்கைப் பொத்த ஒரு கை, வெட்ட ஒரு கை. மேகம் எங்கள் தலைக்கு மேலே வந்துகொண்டே இருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அள்ளினேன். வீட்டுக்குப் போ என்று அவள் சொல்லியும் போகவில்லை.

சரி, தட்டியை எங்கே நடுவது? ஊருணிக்கு வரத்து இல்லாத பக்கம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. புது வீட்டுத் தலைவாசலுக்கு எதிரே இருந்த திடல். என் கண்ணில் படக்கூடாது என்று ஆச்சி சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு நேராகத் தலைவாசல் பக்கம் நடந்தாள். ரங்கூன் தேக்கில் யானையும் தாமரையும் செதுக்கின கதவு அங்கே. அதற்கு நேர் எதிரே எங்கள் ஓலைத் தட்டி.

மறுநாள் மழை கொட்டியது. வரத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடி ஊருணியில் விழுந்ததைப் பார்த்துக் கும்பிட்டு அழுதவர்கள் உண்டு. அந்த வருஷம் அக்கம்பக்கத்து ஊர்களில் வாந்திபேதி வந்தது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. நாங்கள் அள்ளியதால்தான் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எனக்குத் தெரியும்.

மழை விட்டதும் ஆச்சி வந்தார். கதவைப் பார்த்தார், திரும்பி எதிரே பார்த்தார். அவர் சத்தம் கிணற்றடி வரைக்கும் கேட்டது.

"தலவாசலுக்கு நேராவா! ரங்கூன்ல இருந்து அவுக வந்து பாத்தா என்னத்தச் சொல்லுவேன்? எடுத்தெறி!"

"பின்னாடி ஊருணி வரத்து ஆச்சி. எடுக்கச் சொன்னா எடுக்குறேன். நாளைக்கு ஒரு பொம்பள ஆளும் வராது, அதயும் சொல்லிப்புடுறேன்."

கடைசிப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. காயவிடாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தால்தான் சுவர் கண்ணாடி மாதிரி மின்னும். ஒரு நாள் விட்டால் வெடித்துவிடும். ஆச்சிக்கு அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு, "குடிபுகுற அன்னைக்கு இது இங்க இருக்கக்கூடாது" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அத்தே ஒத்துக்கிட்டீக?" என்று அவள் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"வேல முடிஞ்சா நமக்கு அங்க என்ன சோலி?"

"வீடு முடிஞ்சாலும் அந்த வீட்டுக்குத் தண்ணி சொமக்கப் போறது நாமதான?"

அவள் வேகமாக நடந்தாள். குடிபுகுவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவளே கம்பைப் பிடுங்கி, ஓலையைச் சுருட்டிக் கட்டி ஒரு மூலையில் சாய்த்து வைத்தாள். நான் அவளோடு பேசவில்லை.

குடிபுகுந்த அன்று காரைக்குடி, தேவகோட்டை, நாட்டரசன்கோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் கூண்டு வண்டிகள் வந்து குவிந்தன. வண்டி வண்டியாகப் பட்டுச் சேலைகள், வைரத் தோடுகள். எங்களுக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை. எனக்கு மாசம் நிறைந்திருந்தது. குனிந்தால் நிமிர முடியாது. புது வீட்டுக் கொல்லை முழுவதும் சமையல்காரர்களும் விறகும் பந்தி அடுப்புகளும். பழைய வீடு முழுவதும் ஆம்பிளை விருந்தாளிகள். உச்சிப்பொழுதுக்கு ஆச்சியே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார்.

"ஏய், அந்தத் தட்டி எங்கடி?"

"நீங்கதான எடுக்கச் சொன்னீக."

"தேவகோட்டைச் சம்பந்தியம்மா விடிய முன்னாடி வண்டி ஏறுனவுக. கொல்லைப் பக்கம் பூராம் ஆம்பிளைக. பாவம், கண்ணுல தண்ணி நிக்கிது. கூட வந்தவுகளும் அப்படித்தான். என்னடி செய்ய?"

அவள் கையிலிருந்த கரியையும் பாத்திரத்தையும் கீழே வைத்தாள்.

"பொழுது சாயட்டும் ஆச்சி. இருட்டுனதும் கண்மாய்ப் பக்கம் நானே கூட்டிட்டுப் போறேன். நாங்க அப்படித்தான இருந்தம்."

ஆச்சியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, பொய் சொல்லமாட்டேன். பிறகு ஆச்சி, "தப்புத்தாண்டி. எனக்குத் தெரியல. போடு" என்றார் மெதுவாக.

"போடுறேன். போட்டா இனிமே எடுக்க மாட்டேன். தட்டி பத்தாது ஆச்சி, செவரு வச்சுக் குடுக்கணும். மிச்சச் சுண்ணாம்பு குழியில கெடக்கு."

"சரி."

"எல்லாத்துக்கும் கேக்கச் சொல்லுங்க."

ஆச்சி சத்தமாகச் சொன்னார். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்மூடித் திறப்பதற்குள் கம்பு நட்டு, தட்டியைக் கட்டிவிட்டோம். அந்தப் பெரிய கதவைத் தாண்டி ஆச்சி சம்பந்தியம்மாளைக் கைபிடித்து அழைத்து வந்தார். பின்னால் பட்டுச் சேலைகள் வரிசையாக வந்தன. அவள் தட்டி வாசலில் கையைக் குறுக்கே நீட்டி மறித்தாள்.

"கொஞ்சம் இருங்க ஆச்சி. மொதல்ல எங்க ஆளு" என்று சொல்லி, என்னைப் பார்த்து "வாத்தா" என்றாள்.

கரியும் எச்சிலும் அப்பிய கையோடு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, அத்தனை வைரத் தோடுகளையும் தாண்டி நான் உள்ளே போனேன். சாக்கை இழுத்து மூடினேன். வெளியே பட்டுச் சேலைகள் வரிசையில் நின்றன.

நான் அவசரப்படவே இல்லை.